செவ்வல் மண்ணும் எஃகுச் சங்கிலியும்: பெங்களூர் மேட்டுநிலத்தில் நில அளவையின் மூன்று பார்வைகள்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குக் கிழக்கே அமைந்த மர்பி டவுன், தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. நாக்ஸ்பேட்டை என்னும் பழைய பெயர் மறைந்து, கன்டோன்மென்டின் குடிமை, படைத்துறை நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர் மர்பியின் பெயர் அதற்கு நிலைத்தது. இன்று அங்கே மண்ணைக் காண வேண்டுமானால் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அன்று வெளிப்படும் மண் சிவப்பு நிறத்தது. மணலும் களியும் கலந்தது. ஈரத்தில் பிடிபட்டு வெயிலில் கல்லாக இறுகுவது. அந்தச் செம்மண்ணிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் சுற்றளவிலேயே இந்திய நில அளவை வரலாற்றின் சில முதன்மையான நிகழ்வுகள் நடந்தேறின. அவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கையில் ஒரு கேள்வி எழுகிறது: நிலத்தை அளக்க வந்தவர்களுக்கு மண் என்னவாக இருந்தது?

முதலில் மண்ணைப் பற்றி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மேட்டுநிலத்தின் அடித்தளம் தீபகற்பத்தின் மிகத் தொன்மையான நைஸ் பாறை. நெடுங்காலச் சிதைவில் அப்பாறையின் இரும்பு துருவேறி மண்ணுக்குச் சிவப்பைத் தந்தது. மணல், நுண்வண்டல், களி மூன்றும் எதுவும் மிகாமல் கலந்து நிற்கும் மண்ணை வேளாண் நூல்கள் இருமண்பாடு என்கின்றன. உழவர் வழக்கில் இந்தச் சிவப்பு வகை செவ்வல். இதிலுள்ள களியின் பெரும்பகுதி கயோலினைட் இனத்தைச் சேர்ந்தது. அது நீரை உண்டு பெருக்காது, வறண்டு வெடிக்காது. கரிசலின் களி இதற்கு நேர்மாறு. மழையில் வீங்கிக் கோடையில் பாளம் பாளமாகப் பிளக்கும் கரிசலில் நட்ட எல்லைக்கல் சில ஆண்டுகளில் சாய்வதும் புதைவதும் இயல்பு. சமதளச் செவ்வலில் ஆழ நட்ட கல் பல தலைமுறை நிற்கும். ஆனால் அதே செவ்வல் மலைச்சரிவில் கிடந்தால் நிலைமை வேறு. அங்கே மண்ணின் ஆழம் குறைவு. மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. ஈரம் மிகும்போது மண்போர்வை முழுவதுமே மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. கல்லும் அதனுடன் நகர்கிறது. மண்ணின் இயல்பு உழவருக்கு எவ்வளவு முக்கியமோ, அளப்பவருக்கும் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

இந்த மேட்டுநிலத்தில் அளவை ஆங்கிலேயருடன் தொடங்கவில்லை. மர்பி டவுனுக்குத் தெற்கே உள்ள தோமலூர் சொக்கநாதர் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் நிலமும் ஏரியும் தந்த வருவாயைக் கோயிலுக்கு விட்டதைப் பேசுகின்றன. வருவாயைக் கொடையாக எழுத வேண்டுமானால், அதற்கு முன்பு அந்த நிலம் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். சோழ நாட்டில் முதலாம் இராசராசன் காலத்தில் 1001ஆம் ஆண்டையொட்டியும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086ஆம் ஆண்டையொட்டியும் பேரளவிலான நில அளவைகள் நடந்தன. கோல், குழி, மா, வேலி என்ற அலகுகளும், அவற்றின் மிக நுண்ணிய பின்னங்களும் கல்லில் வெட்டப்பட்டன. அக்காலத்து நில ஆவணத்தின் சிறப்பு, பரப்பையும் தரத்தையும் அது பிரித்துப் பார்க்காததே. நன்செய் எது, புன்செய் எது, எந்த வாய்க்காலின் எந்தக் கண்ணாற்றில் பாய்வது என்று சொல்லாமல் வெறும் பரப்பை மட்டும் சொல்லும் ஆவணம் அரிது. நிலம் என்றாலே அதன் மண்ணும் நீரும் சேர்ந்தே பொருள்பட்டன.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் இந்த ஒன்றிய பார்வை மூன்றாகப் பிரிந்தது. திப்புவின் நாட்டைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்நாடு எப்படிப்பட்டது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள மூன்று முயற்சிகள் ஏறத்தாழ ஒரே வேளையில் தொடங்கின. காலின் மெக்கன்சி ஊர், ஏரி, கோட்டை, எல்லை ஆகியவற்றை வரைபடமாக்கும் மைசூர் சர்வேயை மேற்கொண்டார். மருத்துவரும் இயற்கை நூலாருமான பெஞ்சமின் ஹைன் அதில் இணைக்கப்பட்டார். பிரான்சிஸ் புக்கானன் 1800-1801இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் வழியாகப் பயணம் செய்து வேளாண்மையைப் பதிவு செய்தார். 33ஆம் காலாட்படையைச் சேர்ந்த வில்லியம் லாம்டன், தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் பிணைக்கும் அளவையை முன்மொழிந்தார்.

இம்மூவரில் மண்ணை நேராகக் கேட்டவர் புக்கானன். அவர் சென்ற ஊர்களில் உழவரிடம் மண்வகைகளின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன பெயர்களிலேயே எழுதினார். எரெ, கெப்பெ, மரளு, தரெ என்று மைசூர் உழவர் வழங்கிய சொற்கள் அவருடைய நூலில் இடம்பெற்றன. எரெ என்பது கருமண், கெப்பெ சிவந்த மண், மரளு மணற்பாங்கானது, தரெ கல்லும் சரளையும் மிக்க மெலிந்த நிலம். எந்த மண்ணில் கேழ்வரகு எப்போது விதைப்பது, எத்தனை உழவு, என்ன விளைச்சல் என்ற செய்திகளோடு சேர்த்தே அவர் இந்தப் பெயர்களைத் தந்தார். உழவரின் வகைப்பாட்டை அவர் எப்போதும் மதித்தார் என்று சொல்ல முடியாது. பல இடங்களில் அவர்களுடைய சொல்லை ஐயுற்றார். எனினும் மண்ணுக்குப் பெயரிடும் உரிமை அவருடைய பக்கங்களில் உழவரிடமே இருந்தது.

லாம்டனின் பக்கங்களில் நிலைமை வேறு. 1800ஆம் ஆண்டு அக்டோபர் 14 முதல் டிசம்பர் 10 வரை பானசவாடிக்கும் அகரம் ஏரிக்கும் இடையே அவர் ஒரு அடிக்கோட்டை அளந்தார். அதன் நீளம் 7.4321 மைல். வடக்கிலிருந்து தெற்காகச் சென்ற அந்தக் கோடு இன்றைய மர்பி டவுனுக்குக் கிழக்கே, இப்போது இந்திராநகரும் தோமலூரும் பரந்துள்ள திசையில் நிலத்தைக் கடந்தது. முக்கோண அளவையில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் தரையில் அளக்கிறார்கள். எஞ்சிய பக்கங்கள் எல்லாம் கோணங்களைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. ஆகவே அந்த ஒரு பக்கத்தில் நேரும் பிழை அடுத்தடுத்த முக்கோணங்கள் அனைத்துக்கும் பரவும். அடிக்கோட்டை அளப்பவருக்கு மண் ஒரு பகையாகத் தோன்றுவது இதனால்தான்.

லாம்டன் பயன்படுத்திய எஃகுச் சங்கிலி 100 அடி நீளம். இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது கொண்டது. சீனப் பேரரசருக்குக் காட்டுவதற்கென்று மக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுசென்ற கருவிகளில் ஒன்றான அது, கைமாறி இந்தியா வந்து சேர்ந்தது. அதைத் தரையில் இழுத்து அளந்தால் மண்ணின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் நீளத்தைக் கூட்டிக் காட்டும். எனவே மரப்பெட்டிகளில் சங்கிலியைக் கிடத்தி, அப்பெட்டிகளை முக்காலிகளின்மேல் நிறுத்தி, திருகுகளால் உயரத்தைச் சரிசெய்து அளந்தனர். முக்காலியின் கால் ஊன்றும் மண் அமுங்காமல் இருக்க வேண்டும். சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் முளை நெகிழாமல் நிற்க வேண்டும். மழைக்காலம் ஓய்ந்தபின் இறுகும் செவ்வல் இதற்கு உதவும் மண். கரிசலிலோ ஆற்றுவண்டலிலோ இதே வேலையைச் செய்வது மேலும் கடினம்.

அடுத்தது வெப்பம். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் நூறாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்குக்குச் சற்று மேல் நீள்கிறது. பத்துப் பாகை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டில் சுமார் 1.4 மீட்டர் பிழை வரும். வெயிலில் காய்ந்த செம்மண் வெப்பத்தை மேல்நோக்கி வீசும். சங்கிலியைப் பெட்டிக்குள் வைத்ததற்கும், வெப்பமானிகளை உடன் வைத்துப் பார்த்ததற்கும் இதுவே காரணம். இறுதியாக உயரம். 900 மீட்டர் உயர்ந்த மேட்டுநிலத்தில் அளந்த கோட்டைக் கடல்மட்டத்துக்கு இறக்கிக் கணக்கிட்டால், அதன் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர் குறையும். பெங்களூரின் சரியான உயரம் அன்று தெரியாது. கடல்மட்டத்திலிருந்தே தொடங்க வேண்டிய தேவையை இது காட்டிற்று. 1802 ஏப்ரலில் லாம்டன் சென்னையில், பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் புதிய அடிக்கோட்டை அளந்து பணியை மீண்டும் தொடங்கினார்.

சென்னையிலிருந்து முக்கோணங்கள் மேற்கே ஏறி 1804இல் மீண்டும் பெங்களூரை அடைந்தபோது, சரிபார்ப்புக்காக மற்றொரு அடிக்கோடு அங்கே அளக்கப்பட்டது. அளந்தவர் லாம்டனின் உதவியாளர் ஜான் வாரன். சென்னைக் கோட்டிலிருந்து கணக்கிட்ட நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் இடையே வேறுபாடு 3.7 அங்குலம் மட்டுமே. நில அளவை வரலாற்றாசிரியர்கள் வியந்து குறிப்பிடும் எண் இது. அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும் அந்தத் துல்லியம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்காலியால் சங்கிலியை மண்ணிலிருந்து உயர்த்தினார்கள். பெட்டியால் மண்ணின் வெப்பத்தை மறைத்தார்கள். கணக்கால் மண்ணின் உயரத்தைக் கழித்தார்கள். கோடு சென்ற வழியில் கேழ்வரகு விளைந்ததா, ஏரிப் பாசனம் இருந்ததா, யாருடைய கொல்லை மிதிபட்டது என்ற எதுவும் இறுதி எண்ணில் இல்லை. மண்ணை விலக்கும் தொழில்நுட்பத்தின் வெற்றியே அந்த 3.7 அங்குலம்.

விலக்கிய மண் வேறொரு வழியில் திரும்பி வந்தது. மர்பி டவுனுக்கு வடக்கே, காக்ஸ் டவுனை ஒட்டிய தொட்டகுண்டவில், ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில், லாம்டன் ஒரு வானியல் நிலையம் அமைத்தார். விண்மீன்களை நோக்கி அகலாங்கைக் கணிப்பதற்குச் செங்குத்துத் திசை துல்லியமாகத் தெரிய வேண்டும். அதைக் காட்டுவது தூக்குநூல். கோயம்புத்தூர்ப் பகுதியில் உள்ள பச்சாபாளையம் முதலிய நிலையங்களோடு ஒப்பிட்டபோது, தொட்டகுண்ட முடிவுகள் எதிர்பார்த்த ஒழுங்கில் அமையவில்லை. கருவியில் குறையில்லை என்று தெளிந்தபின், நிலத்தடியில் அடர்த்தி மிக்க கனிமப் படுகை ஒன்று தூக்குநூலைத் தன்பால் ஈர்த்திருக்கலாம் என்ற முடிவுக்கு லாம்டன் வந்தார். அகலாங்கில் ஒரு விகலை என்பது தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். கண்ணுக்குப் புலப்படாத சாய்வு சில நூறு அடிகளை விழுங்கிவிடும். பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்ட் வட இந்தியாவில் கலியாணாவுக்கும் கலியாண்பூருக்கும் இடையே 5 விகலைக்குச் சற்று மேற்பட்ட முரணைக் கண்டதும், 1855இல் பிராட்டும் ஏரியும் இமயமலையின் ஈர்ப்பைக் கொண்டு அதை ஆராய்ந்ததும், அதிலிருந்து புவியோட்டின் சமநிலைக் கொள்கை பிறந்ததும் புவியியல் மாணவர் அறிந்தவை. அந்த நெடிய விவாதத்துக்கு முன்னோடியான ஓர் ஐயம் பெங்களூர்ச் செம்மண்ணின்மேல் நின்றபோது எழுந்தது. நிலத்தின் மேற்பரப்பை விலக்கிவிடலாம். அதன் நிறையை விலக்க முடியவில்லை.

இதே ஜான் வாரன் 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்தபோது, கோலார்ப் பகுதியில் மண்ணில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். பொன் கலந்த மண்ணைக் காட்டுவோருக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் ஊரார் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் முன்னிலையில் அலசிப் பொன்துகள்களைப் பிரித்துக் காட்டினர். எந்த மண்ணை எடுப்பது, எப்படி அரிப்பது, எங்கே குழி தோண்டுவது என்ற அறிவு முழுவதும் அவர்களுடையது. வாரனின் அறிக்கை நூலேறியது. பிற்காலத்தில் கோலார் தங்கவயலைத் தேடி வந்தவர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. ஊராரின் பெயர் ஒன்றும் அதனோடு நிலைக்கவில்லை. 1880களில் சுரங்கத் தொழில் பெருகியபோது அங்கே இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களே. வாரன் பின்பு சென்னை வானாய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்தியதும், தென்னிந்திய நாட்காட்டி முறைகளை விளக்கும் காலசங்கலித நூலை 1825இல் வெளியிட்டதும் தமிழ் ஆய்வுலகம் அறிந்ததே. நாட்காட்டி அறிவை நூலில் போற்றிய அதே மனிதரின் பதிவில், மண்ணறிவுக்குக் கிடைத்த இடம் ஒரு பரிசுத்தொகை அளவிலானது.

மூன்றாவது பார்வை அரை நூற்றாண்டுக்குப் பின் வந்தது. மைசூரில் வருவாய் அளவையும் நிலவரித் திட்டமும் 1863இல் சித்திரதுர்கா மாவட்டத்தில் தொடங்கின. பின்பற்றியது பம்பாய் முறையை. கோல்ட்ஸ்மித், விங்கேட் முதலியோர் தக்காணத்துக்கென வகுத்து, 1847ஆம் ஆண்டின் கூட்டறிக்கையில் நிலைநிறுத்திய முறை அது. இங்கே மண் மீண்டும் மையத்துக்கு வந்தது. ஆனால் உழவரின் சொல்லாக வரவில்லை, ஆனா கணக்காக வந்தது. புலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தோண்டிப் பார்த்து, மண்ணின் நிறம், இழைமை, ஆழம் ஆகியவற்றைக் குறித்தனர். நுண்மையான கருமண் முதல் வரிசை. அதனினும் பருமனான, பெரும்பாலும் சிவந்த மண் இரண்டாம் வரிசை. சரளையும் நொறுங்கும் தன்மையும் உடையது மூன்றாம் வரிசை. ஆழம் முழத்தில் அளக்கப்பட்டது. பதினாறு ஆனாவில் தொடங்கி இரண்டு ஆனா வரை ஒன்பது தரங்கள். இதற்குமேல் ஏழு குற்றங்கள்: சுண்ணாம்புக் கற்கலப்பு, மணற்கலப்பு, சரிவு, பிடிப்பின்மை, நீர் உட்புகாமை, ஓடும் நீரால் அரிக்கப்படுதல், நீர் தேங்குதல். ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு தரம் இறங்கும்.

ஒரு மலையடிவாரச் செவ்வல் புலத்தை இந்த அட்டவணையில் இட்டுப் பார்த்தால் முறையின் இயல்பு விளங்கும். ஒன்றேமுக்கால் முழ ஆழமுள்ள கருமண்ணுக்குப் பதினாறு ஆனா. அதே ஆழமுள்ள செம்மண்ணுக்குப் பதினான்கு. மலையடிவாரத்தில் அவ்வளவு ஆழம் கிடைக்காது. ஒரு முழமே இருந்தால் செம்மண்ணின் மதிப்பு எட்டு ஆனா. சரிவுக்காக ஒரு தரம் இறக்கினால் ஆறு. மணற்கலப்புக்காக இன்னொன்று இறக்கினால் நாலரை. வரி குறைவதால் இது உழவருக்கு நன்மை என்று தோன்றலாம். ஓரளவுக்கு உண்மை. ஆயின் அட்டவணையின் அளவுகோல் தக்காணக் கரிசலை உயர்ந்த எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுந்தது என்பதை மறக்கலாகாது. கேழ்வரகுக்கும் மானாவாரிப் பயறுக்கும் ஏற்ற செவ்வல், அதற்குரிய பயிரால் மதிக்கப்படாமல், கரிசலிலிருந்து எத்தனை படி கீழே என்பதால் மதிக்கப்பட்டது. உழவர் தம் நிலத்தின் தனிப்பண்பு என்று அறிந்திருந்த சரிவும் சரளையும் ஆவணத்தில் குற்றங்கள் ஆயின.

சென்னை மாகாணத்தின் ரயத்துவாரித் திட்டமும் இத்தகைய வகைப்பாட்டையே வேறொரு வடிவில் மேற்கொண்டது. கரிசல், செம்மண் என்று இனம் பிரித்து, களி, இருமண், மணல் என்று உட்பிரித்து, எண்களாக்கியது. இன்றும் தமிழ்நாட்டுக் கிராம அ-பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’ என்றொரு பத்தியும், ‘மண் தரம்’ என்றொரு பத்தியும் உள்ளன. பட்டாவின் நகலுக்காக அலுவலகம் செல்பவர்களில் பலர் அந்த எண்களின் பொருளைக் கேட்பதில்லை. மூதாதையர் ஒருவரின் கொல்லையில் எப்போதோ ஓர் அலுவலர் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்த மண்ணின் நினைவு அந்த இரு எண்களில் உறைந்திருக்கிறது. அவர் பார்த்தபின் கிணறு வெட்டப்பட்டிருக்கலாம், வண்டல் அடிக்கப்பட்டிருக்கலாம், வீட்டுமனையாகவே மாறியிருக்கலாம். எண் மாறுவதில்லை.

இம்மூன்று பார்வைகளையும் ஒப்பிட்டால் தெரிவது இது. புக்கானனின் பதிவில் மண் ஒரு சொல். அது உழவரின் வாயிலிருந்து வந்தது. லாம்டனின் கணக்கில் மண் ஒரு பிழை. அது கழிக்கப்பட வேண்டியது. வரித்திட்டத்தில் மண் ஒரு விலை. அது அலுவலரால் இடப்படுவது. பேரரசின் நில அளவையை ஆராய்ந்த மாத்யூ எட்னி, 1997இல் வெளிவந்த தம் நூலில், முக்கோண அளவை தன்னைக் குறையற்ற அறிவாகக் காட்டிக்கொண்டதையும், களத்தில் அது பல சமரசங்களின் விளைவாக இருந்ததையும் எடுத்துக்காட்டினார். பெங்களூர் மேட்டுநிலம் அந்தக் கருத்துக்கு மண்ணளவிலான சான்று தருகிறது. சமரசங்களைச் செய்த கைகளில் பெரும்பகுதி உள்ளூர்க் கைகள். முக்காலியை நிறுத்தியவர், முளை அடித்தவர், கொடி பிடித்தவர், புலத்தில் குழி தோண்டியவர் ஆகியோர் இல்லாமல் எந்த எண்ணும் பிறந்திருக்காது. எந்த மண் அமுங்கும், எது தாங்கும் என்பது கையால் வேலை செய்பவருக்கே முதலில் தெரியும்.

மர்பி டவுனின் வரலாறு இங்கே மீண்டும் பொருள்படுகிறது. 1809இல் கன்டோன்மென்ட் உருவானபின், சென்னைப் படையோடும் அதன் கட்டுமானப் பணிகளோடும் இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. 1834இல் சென்னை சாப்பர்ஸ் பிரிவு பெங்களூருக்கு மாறி அல்சூர் ஏரியருகே நிலைகொண்டது. மண்ணை வெட்டுவதும் கட்டுவதுமே அதன் தொழில். அடிக்கோடு கடந்துசென்ற மேட்டுநிலத்தைப் பின்பு சாலையாகவும் வடிகாலாகவும் வீடாகவும் மாற்றியவர்கள் இத்தகைய உழைப்பாளர்களே. அளவையின் வரலாற்றில் லாம்டனின் சங்கிலிக்குப் பக்கங்கள் கிடைத்தன. அந்தச் செவ்வலை நூறு ஆண்டுகளுக்கு மேல் தொட்டு அறிந்தவர்களின் அறிவுக்கு ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை.

ஆய்வு மாணவருக்கு இதில் ஒரு வேலை காத்திருக்கிறது. அளவை ஆவணங்களைப் படிக்கும்போது கோணங்களையும் நீளங்களையும் மட்டும் பார்க்காமல், அந்த எண்ணுக்கு அடியில் எந்த மண் இருந்தது, அதை யார் தொட்டுச் சொன்னார், எந்தச் சொல் எண்ணாக மாறியபோது எது விடுபட்டது என்று கேட்க வேண்டும். அ-பதிவேட்டின் வயன எண்ணை ஊர்ப் பெரியவர்கள் வழங்கும் மண்பெயரோடு ஒப்பிட்டுப் பதிவு செய்வது ஒவ்வொரு மாவட்டத்திலும் இன்றும் இயலக்கூடிய பணி. அந்தப் பெயர்களை அறிந்த தலைமுறை மறையும்வரைதான் அது இயலும். மர்பி டவுனின் தெருக்களில் செவ்வல் ஏற்கெனவே கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டது. அதன் பெயரையாவது ஆவணத்தில் ஏற்றிவைப்பது நில அளவை வரலாற்றின் கடமைகளுள் ஒன்று.